மார்பிள் குயீன் பச்சையாகிறதா, பழுக்கிறதா, கருகுகிறதா? கொழும்பு வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மணி பிளான்டைச் சாகடிக்கவே முடியாது என்பார்கள். மதிலோரப் பலாமரத்தில் தானாக ஏறி, முழ நீளத்துக்கு இலை விடுகிற பச்சை மஞ்சள் வகைக்கு அது சரி. தியத்த உயன செடிச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கி வந்து வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஹோலில் தொங்கவிடுகிற மார்பிள் குயீன், என்ஜாய், மஞ்சுளா என்ற வெள்ளைக் கோல வகைகளுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. எல்லாம் ஒரே இனம்தான். பசிபிக்கில் பிரெஞ்சு பொலினீசியாவைச் சேர்ந்த மோரெயா தீவிலிருந்து உலகம் முழுக்கப் போன எப்பிப்ரெம்னம் ஓரியம் (Epipremnum aureum). ஆனால் இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாத அளவுக்குக் குறைவு. பச்சைப் பகுதி சமைப்பதை வெள்ளைப் பகுதியும் சேர்ந்து சாப்பிடுகிறது. நாலு பேர் உழைத்து எட்டுப் பேர் சாப்பிடுகிற வீடு மாதிரி.

இதனால் இரண்டு விஷயம் நடக்கிறது. பச்சை வகையைவிட இதற்கு வெளிச்சம் கூடத் தேவை. மெதுவாக வளர்வதால் தண்ணீரும் குறையத்தான் குடிக்கும். நாம் செய்வது பெரும்பாலும் நேர்மாறு: அழகுக்காக ரீவிக்குப் பக்கத்து இருட்டு மூலையில் வைப்போம், பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றுவோம். கீழே வரும் அறிகுறிகளில் பாதி இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும்.

பார்க்கத் தொடங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கெட்டிருப்பது அடி இலையா, நுனியில் வந்த புது இலையா? அடி இலை என்றால் முதலில் வேரைச் சந்தேகியுங்கள். புது இலை என்றால் வெளிச்சத்தை. எல்லா இலையிலும் ஒரே பக்கம் மட்டும் கெட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் யன்னலோ ஏசியோ இருக்கும்.

அடி இலைகள் ஒவ்வொன்றாகப் பழுக்கின்றன, மண் ஈரமாக இருக்கிறது

"ஒவ்வொரு நாளும் தண்ணி விடுறன் பிள்ளை, பிறகும் இலை பழுக்குது." எங்கள் மாடியில் ஓர் அன்ரி இப்படித்தான் சொல்வார். அந்த வசனத்திலேயே காரணமும் இருக்கிறது.

கொழும்பின் காற்றில் ஈரப்பதம் வருடம் முழுக்க எழுபது, எண்பது சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மண் காய நேரம் எடுக்கும். அதற்கு மேல், கடையில் தருகிற கன்றுகள் பல முழுக்கத் தும்புத்தூளிலேயே நட்டவை. வெயிலும் காற்றும் உள்ள கடைத் தோட்டத்தில் அது நல்ல ஊடகம். மூடிய ஹோலில் அதே தும்புத்தூள் மேலே காய்ந்தும் அடியில் சொதசொதவென்றும் கிடக்கும். மேல்மண்ணைப் பார்த்துவிட்டு "காய்ந்துபோச்சு" என்று ஊற்றுவீர்கள். அடியில் வேருக்கு மூச்சு முட்டும்.

சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம், சாடியிலிருந்து கழற்றிப் பாருங்கள். சாடியைச் சரித்து, பக்கங்களைத் தட்டி, தண்டின் அடியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் மண் கட்டியோடு வந்துவிடும். நல்ல வேர் வெளிர் நிறமாக, நசித்தால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் கபில நிறம். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் உறை கழன்று கையோடு வரும், உள்ளே நூல் போன்ற நடு நரம்பு மட்டும் தொங்கும். மணமும் காட்டிக்கொடுக்கும்: நல்ல மண் மழை பெய்த தோட்டம் போல மணக்கும், கெட்டது வாய்க்கால் மாதிரி.

வேரில் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் காப்பாற்றலாம். அழுகியதை எல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பழைய மண்ணை உதறி எறியுங்கள், வேறு சாடிக்குப் போடவேண்டாம். இரண்டு பங்கு கழுவிய தும்புத்தூள், ஒரு பங்கு கொம்போஸ்ட், ஒரு பங்கு உமிக்கரி அல்லது பருமணல் என்று கலந்து, அதோடு சிறிதாக வெட்டிய பொச்சுமட்டைத் துண்டுகள் ஒரு கைப்பிடி சேருங்கள். மட்டைத் துண்டுகள் இடைவெளி விடும், வேருக்குக் காற்றுப் போகும். தும்புத்தூளைக் கழுவச் சொல்வதற்குக் காரணம் அதில் உப்பு இருப்பதுதான். இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்தால் போதும்.

மிஞ்சிய வேர்க்கட்டியைவிட ஓர் அங்குலம் மட்டுமே அகலமான சாடி எடுங்கள். "இனி வளரத்தானே போகிறது" என்று பெரிய சாடியில் நட்டால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பழைய கதை திரும்பும்.

வேர் முழுக்கப் போயிருந்தால் சாடியை விடுங்கள், கொடியைக் காப்பாற்றுங்கள். தண்டு எங்கே விறைப்பாக இருக்கிறதோ அங்கே வெட்டி, கணுக்கணுவாகப் பிரித்து வேர்விட வையுங்கள். அந்தப் பகுதி கீழே வருகிறது.

பிறகு எப்போது தண்ணீர்? நாட்காட்டி பார்த்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள், அல்லது சாடியைத் தூக்கிப் பாரம் பாருங்கள்; காய்ந்திருந்தால், பாரம் குறைந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். கொஞ்ச நாளில் கைக்குப் பழகிவிடும். ஊற்றும்போது அடித்துளையால் வடியும் வரை ஊற்றி, வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். தினமும் அரைக் குவளை என்று ஊற்றுவது மோசமான பழக்கம்.

இன்னொரு பொறி, துளை இல்லாத பீங்கான் வெளிச்சாடி. உள்ளே பிளாஸ்டிக் சாடி இருக்கும், இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தேங்குவது வெளியே தெரியாது. செடிக்கும் கேடு, நுளம்புக்கும் நல்ல வீடு.

அடி இலை பழுக்கிறது, மண்ணோ காய்ந்து சாடியை விட்டு விலகி நிற்கிறது

இது தண்ணீர் போதாமை. இலையும் தொய்ந்து சுருண்டிருக்கும். தும்புத்தூள் ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது, ஓரமாக வழிந்து ஓடிவிடும். சாடியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் இறக்கி வைத்து, பிறகு வடிய விடுங்கள். மறுநாளே நிமிர்ந்துவிடும்.

மாதத்துக்கு ஓர் அடி இலை பழுத்து, மற்றெல்லாம் நன்றாக இருந்தால் அது வயது. விட்டுவிடுங்கள்.

புது இலைகள் பச்சையாகவே வருகின்றன

வெளிச்சம் போதவில்லை. பிழைக்க வேண்டுமே என்று செடி பச்சையைக் கூட்டுகிறது.

வெளிச்சத்தை அளக்க ஒரு வெள்ளைத் தாள் போதும். மதியம் செடி இருக்கும் இடத்தில் தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். நிழலே விழவில்லை என்றால் இந்த வகைகளுக்கு அந்த இடம் ஆகாது. மங்கலான விளிம்போடு நிழல் விழுந்தால் நல்ல இடம். விரல் விரலாகக் கூர்மையான நிழல் விழுந்தால் நேரடி வெயில். காலை வெயில் என்றால் பரவாயில்லை, பின்னேர வெயில் என்றால் மெல்லிய திரை போடுங்கள்.

கொழும்பில் யன்னல் கணக்கு வருடத்துக்குள்ளேயே மாறும். ஏப்ரல் முதல் வாரமளவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதற்குப் பிறகு செப்டெம்பர் தொடக்கம் வரை நடுப்பகலில் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலுக்கும் கொஞ்சம் வெயில் வரும். மார்கழி, தையில் தெற்கு யன்னலுக்குள் வெயில் நீளமாக நுழையும். "போன வருடம் இதே இடத்தில் நன்றாக இருந்ததே" என்பவர்கள் மாதத்தையும் பாருங்கள். மே முதல் தென்மேல் பருவக்காற்றோடு வரும் மப்பு நாட்களில் செடியை யன்னலுக்கு இன்னும் இரண்டு அடி கிட்டக் கொண்டுபோவது நல்லது.

இடம் மாற்றினாலும் ஏற்கனவே வந்த பச்சை இலை வெள்ளையாகாது. அடுத்து வரும் மூன்று நாலு இலைகளை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். அவையும் பச்சையாக வந்தால் அந்தக் கொடியே மாறிவிட்டது. கொடியோடு பின்னால் போய், நல்ல கோலம் உள்ள கடைசி இலையைக் கண்டுபிடித்து, அதன் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து வரும் கிளை பெரும்பாலும் கோலத்தோடு வரும். வெட்ட மனம் வராமல் பச்சைக் கொடியை விட்டுவைத்தால் அது வேகமாக வளர்ந்து சாடியையே பிடித்துவிடும், வெள்ளைக் கொடி ஓரமாகிவிடும்.

யன்னலே இல்லாத அறை என்றால் வெள்ளை வெளிச்சம் தரும் எல்ஈடி பல்பு ஒன்றை ஓர் அடி தூரத்தில் வைத்து நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரிய விடலாம். கரண்ட் பில்லில் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த அறைக்குப் பச்சை வகையே போதும் என்பது என் கட்சி.

புது இலைகள் முழு வெள்ளையாக வருகின்றன

படம் எடுத்துப் போட நன்றாக இருக்கும், செடிக்கு நல்லதல்ல. ஓர் இலை என்றால் இரசித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று இலை அப்படி வந்தால், பச்சை கலந்த கடைசிக் கணுவுக்கு மேலே வெட்டுங்கள். அந்த முழு வெள்ளைக் கொடியைத் தண்ணீரில் போட்டு வளர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், உணவு செய்ய அதனிடம் பச்சை இல்லை.

வெள்ளைப் பகுதி மட்டும் கருகுகிறது

இங்கேதான் அவசரப்பட்டால் பிழையான மருந்து போய்விடும். வெள்ளைப் பகுதி மெல்லியது, எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் அதில்தான் தெரியும். கருகலின் இடத்தைப் பாருங்கள்.

இலையின் நடுவில் வெயில் படுகிற பக்கமாகக் காய்ந்த தாள் போலத் திட்டு விழுந்தால் அது பின்னேர வெயில். மேற்கே கடல் பார்த்த பல்கணிகளில் மூன்று மணிக்குப் பிறகு அடிக்கும் வெயிலுக்கு நாமே உள்ளே ஓடிவிடுகிறோம். செடியையும் நாலு அடி உள்ளே எடுங்கள்.

இலை விளிம்பு முழுக்கக் கோடு போலக் கருகினால் உப்பு. உப்பு இரண்டு வழியாக வரும். ஒன்று, கடல் காற்று. பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்கள் பருவக்காற்று மாதங்களில் யன்னல் கண்ணாடியில் விரலை இழுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். அதே படலம் இலையிலும் இருக்கிறது. வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் இலையின் இரண்டு பக்கமும் துடையுங்கள். கண்ணாடியையும் துடையுங்கள், அந்த மங்கல் வெளிச்சத்தையும் குறைக்கிறது. மற்றது பசளை. வளரவில்லை என்று வாரா வாரம் பசளை போட்டால் மண்ணில் உப்புச் சேர்ந்து, மேலே அல்லது சாடி விளிம்பில் வெள்ளைத் தூளாகப் பூத்து நிற்கும். அப்படிக் கண்டால் சாடியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியால் ஓட விடுங்கள், இரண்டு மாதம் பசளையை நிறுத்துங்கள். பிறகு அல்பேர்ட் கரைசலோ வேறு திரவப் பசளையோ, உறையில் எழுதியிருக்கும் அளவில் கால்வாசி, மாதம் ஒருமுறை. வெளிச்சம் இல்லாத செடிக்கு அதுவும் வேண்டாம்.

நுனி மட்டும் காய்ந்தால், ஏசியின் காற்றோ ஃபேனின் காற்றோ நேராக அடிக்கிறதா பாருங்கள். இடத்தை மாற்றினால் சரி. குளிர் பற்றிக் கொழும்பில் கவலையில்லை. நுவரெலியாவில் இருக்கும் உறவினருக்குக் கொடுத்துவிடுபவர்கள் மட்டும், தை மாத இரவில் வெளியே வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். பத்துப் பாகைக்குக் கீழே போனால் இது தாங்காது.

கருகிய பகுதி திரும்பவும் தேறாது. கண்ணுக்கு உறுத்தினால் விளிம்பை மட்டும் வெட்டிவிடுங்கள், பச்சை இருக்கும்வரை இலையைப் பிடுங்காதீர்கள்.

ஈரமான கபிலப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம்

மழை மாதங்களில் காற்றோட்டம் இல்லாத அறையில் இது வரும். பக்டீரியா அல்லது பூஞ்சைப் புள்ளி. புள்ளி விழுந்த இலைகளை வெட்டிக் குப்பையில் போடுங்கள், சாடிக்குள் போடாதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தரிக்கோலைச் சேர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். இலைக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். நம்முடைய ஈரப்பதத்தில் தெளிப்பான் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, குளிர்நாட்டு வீடியோ பார்த்து வந்த பழக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

காலையில் இலை நுனியில் ஒரு துளி தண்ணீர் தொங்குவது வேறு. வேர் இரவில் கூடுதலாக எடுத்த தண்ணீரை இலை நுனியால் விடுகிறது. நோய் கிடையாது. தினமும் தொங்கினால் தண்ணீரைக் குறையுங்கள்.

வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, எறும்பு

எறும்பு வரிசையாகச் சாடிக்கு ஏறினால் எறும்பைக் கொல்வதற்கு முன் அது ஏன் ஏறுகிறது என்று பாருங்கள். இலைக்காம்பு தண்டைத் தழுவுகிற இடுக்கை நகத்தால் விலக்கினால் உள்ளே வெள்ளைப் பஞ்சுப் பூச்சி குந்தியிருக்கும். அது விடுகிற இனிப்பு நீருக்குத்தான் எறும்பு வருகிறது. பதிலுக்கு எறும்பு அதைக் காவல் காக்கும்.

முதலில் செடியை மற்றச் செடிகளிலிருந்து பிரித்து வையுங்கள். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியைச் சேர்ஜிகல் ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வோர் இடுக்கிலும் பூச்சியைத் தொட்டு எடுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை, மூன்று நாலு வாரம் விடாமல் செய்ய வேண்டும். பாதிப் பேர் முதல் வாரத்தோடு நிறுத்திவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்பார்கள். கூட்டமாக இருந்தால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பொழுதுபட்ட பிறகு தெளியுங்கள். ஓர் இலையில் முதலில் தெளித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள், வெள்ளைப் பகுதி சிலவேளை எரியும்.

ஏசி அறையில் இலை அடியில் மெல்லிய வலையும் சாம்பல் புள்ளியும் கண்டால் அது சிலந்திப்பேன். குளியலறைக்குக் கொண்டுபோய் இலை அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பலமாகக் கழுவுங்கள், சில நாட்களுக்கு ஒருமுறை.

மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈ கிளம்பினால் தண்ணீர் கூடிவிட்டது. மேலே இரண்டு அங்குலம் காயவிட்டாலே அதன் புழுக்கள் குறைந்துவிடும்.

நீளக் கொடி, சின்ன இலை, நடுவில் மொட்டை

வெளிச்சக் குறைவு ஒரு காரணம். மற்றது, இது ஏறுகிற செடி. தொங்கவிட்டால் இலை சிறுக்கும், ஏறவிட்டால் பெருக்கும். மதிலோர மரத்தில் முழ நீள இலை வருவது அதனால்தான். வீட்டுக்குள்ளே பெரிய இலை வேண்டுமானால் தும்புக் கயிறு சுற்றிய தடியை நட்டு, கொடியின் காற்றுவேர் தடியைத் தொடும்படி கட்டி, தடியை ஈரமாக வைத்திருங்கள்.

தொங்கத்தான் வேண்டும் என்றால் மொட்டைக் கொடிகளை வெட்டி, அதே சாடியின் மேல்மண்ணில் திரும்ப நடுங்கள். சாடி மேலேயும் நிறைந்துவிடும்.

தண்ணீரில் வைத்த துண்டு வேர் விடவில்லை

திருடி வைத்தால்தான் மணி பிளான்ட் காசு தரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதல்லவா, அதன்படி போகிற போக்கில் ஒற்றை இலையைக் கிள்ளி வருபவர்களுக்குக் காசும் வராது, செடியும் வராது. இலையும் காம்பும் மட்டும் இருந்தால் புதுக் கொடி முளைக்காது. கணு வேண்டும். இலை தண்டோடு சேரும் இடத்தில் கபில நிறத்தில் முளை மாதிரிக் காற்றுவேர் துருத்தி நிற்கிறதே, அது இருக்க வேண்டும். கணுவுக்கு ஓர் அங்குலம் கீழும் மேலும் விட்டு வெட்டி, வெட்டுவாயை ஒரு மணி நேரம் காயவிட்டு, கணு மட்டும் முங்கும்படி வையுங்கள். இலை தண்ணீருக்குள் போகக்கூடாது. வெள்ளை கூடிய துண்டு பச்சையைவிடப் பிந்தித்தான் வேர்விடும், பொறுத்திருங்கள். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள்.

போத்தலை என்ன செய்கிறீர்கள் என்பது கொழும்பில் முக்கியம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் இருமுறை தண்ணீரைக் கொட்டி, போத்தலின் உள் சுவரைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது, முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாயைப் பஞ்சால் இறுக்கி அடைப்பதும் நல்லது. சாடித் தட்டுகளுக்கும் இதே விதி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் கண் முதலில் அங்கேதான் போகும்.

பூக்கவே இல்லை

பூக்காது. பூக்கத் தேவையான ஜிபரலின் என்ற ஹோர்மோன் இந்த இனத்தில் சரியாக உருவாவதில்லை. 2016 இல் வெளியான ஓர் ஆய்வில் அதை வெளியிலிருந்து கொடுத்துப் பூக்க வைத்தார்கள். நம் வீடுகளில் இருப்பதெல்லாம் துண்டு வெட்டி, துண்டு வெட்டிப் பெருகியவை.

பூனை கடித்துவிட்டது

இலையிலும் தண்டிலும் கல்சியம் ஒக்ஸலேற்றின் ஊசி போன்ற படிகங்கள் உண்டு. பூனை, நாய், குழந்தை யார் மென்றாலும் வாய் எரிந்து எச்சில் வடியும், சிலவேளை வாந்தி வரும். வாயைத் தண்ணீரால் கழுவுங்கள். வீக்கமோ மூச்சுக் கஷ்டமோ தெரிந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடமோ மிருக வைத்தியரிடமோ கொண்டுபோங்கள். அப்புறம் கொடியை எட்டாத உயரத்தில் தொங்கவிட்டு, தரையைத் தொடுகிற நுனிகளை வெட்டிவிடுங்கள். வெட்டும்போது சாறு பட்டுக் கை அரிப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்ளலாம்.